மேடை ஏறிய நாதசுரம்!

மறைமலை நகர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கேயும் கல்யாணம் என்றால் நாதசுரம் வேண்டும். நாதசுரக்காரர் மேடையில் உட்கார்ந்து வாசிக்கிறார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

ஒரு காலத்தில் அவர் உட்கார முடியாது! பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர் நிற்க வேண்டும். மேலே சட்டை கூடாது. துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவர் ஒருவர். அவர்தான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

பாட்டு முதலில்

தஞ்சைச் சீமையில் உள்ள திருமருகலில் 1898-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் நடேச பிள்ளை பெரிய நாதசுர வித்வான்.

சிறுவன் முதலில் கற்றது நாதசுரம் அல்ல, வாய்ப்பாட்டு! பிடில் வித்வான் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் கற்றுக் கொடுத்தார். பிறகுதான் நாதசுரம் கைக்கு வந்தது. அதனால் அவருடைய குழல் ஊதவில்லை, பாடியது!

புதுக் குழல்

அந்த நாளில் இருந்தது திமிரி நாதசுரம். அது குட்டையானது. சத்தம் உச்சத்தில் இருக்கும். தெருவுக்கு அது சரி. கச்சேரிக்குக் கனிவான நாதம் வேண்டும் என்று நினைத்தார் பிள்ளை.

நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்ற கைதேர்ந்த தச்சர் இருந்தார். ஆச்சா மரத்தைக் கடைந்து, நீளமான பாரி நாதசுரத்தை அவர் செய்து கொடுத்தார். சுருதி இறங்கியது. இனிமை ஏறியது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் பிள்ளை வைத்துக்கொண்டார்.

தோடி என்றால் பிள்ளை!

தோடி ராகத்தை அவர் மணிக்கணக்கில் வாசிப்பார். அந்தக் கடலை ஓடியன் கம்பெனி ஓர் இசைத்தட்டில் அடைத்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு அது. ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான்! ஆனாலும் கச்சேரிக்குப் போக முடியாத ஏழை எளியவரும் அந்தத் தோடியைக் கேட்டார்கள். கடல் கடந்தும் தட்டு போயிற்று.

தலை வணங்காதவர்

அவர் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டை போட்டார். மேடை போட்டால்தான் வாசிப்பேன் என்றார். திமிர் பிடித்தவர் என்று சிலர் பேசினார்கள். அவர் கேட்டது தனக்கு மட்டும் அல்ல. தன் தொழிலில் இருந்த எல்லாருக்கும்!

1940-ல் "கவி காளமேகம்" படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1947-ல் நாடு விடுதலை பெற்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் டில்லி சென்று வாசித்தார். 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது.

கை நிறையச் சம்பாதித்தார். தண்ணீராய்ச் செலவழித்தார். 1956-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி காலமானார்.

மறையாத நாதம்

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் ஒலிப்பது அவருடைய நாதசுரம்தான். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது மேடையைப் பாருங்கள். நாதசுரக்காரர் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தை வாங்கித் தந்தவர் ராஜரத்தினம் பிள்ளை!