ஹென்றி கேவெண்டிஷ்

ஹென்றி கேவெண்டிஷ் (அக்டோபர் 10, 1731 – பெப்ரவரி 24, 1810) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் வேதியியலாளரும் ஆவார். ஹைட்ரஜனைத் தனியொரு வளிமமாக இனங்கண்டவர் என்றும், புவியின் அடர்த்தியை 1798இல் அளந்தவர் என்றும் அறியப்படுகிறார். மின்கடத்திகளில் மின்னூட்டம் பரவும் முறை குறித்த இவரது ஆய்வுகளில் பெரும்பகுதி இவர் வாழ்ந்த காலத்தில் வெளிவரவில்லை.

வாழ்க்கை

கேவெண்டிஷ் பிரான்சின் தென்பகுதியில் உள்ள நீஸ் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் கேவெண்டிஷ் பிரபு. 1749 முதல் 1753 வரை கேம்பிரிட்ஜில் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறினார். 1760இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பெருஞ்செல்வராக இருந்தும் திருமணம் செய்துகொள்ளாமல், பிறருடன் பேசுவதையும் தவிர்த்து ஆய்விலேயே காலம் கழித்தார்.

மின்னூட்டப் பரவல்

1772–73இல், சுமார் 12 அங்குல விட்டமுள்ள கடத்துக் கோளம் ஒன்றை, அதைத் தொடாதவாறு, வெள்ளீயத் தாள் ஒட்டிய இரு அட்டை அரைக்கோளங்களுக்குள் அடைத்தார். உள்ளும் புறமும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்க, வெளிக்கோளத்திற்கு மின்னூட்டம் அளித்தார். பின்னர் கம்பியை அகற்றி, அரைக்கோளங்களைப் பிரித்து, உட்கோளத்தை நெட்டிப் பந்துகளால் சோதித்தார். அதில் மின்னூட்டம் தென்படவில்லை. அனைத்தும் வெளிப்பரப்பிலேயே தங்கியிருந்தது.

மின்விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருந்தால் மட்டுமே இவ்வாறு நிகழும். விசை வேறு விதமாகக் குறையுமாயின் உட்கோளத்திலும் சிறிது மின்னூட்டம் சேர்ந்திருக்கும். இதிலிருந்து அம்மடி 2இலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாது எனக் கணித்தார். இதே விதியைக் கூலும் 1785இல் வெளியிட்டார். விதி அவர் பெயரையே பெற்றது.

கடத்தியின் வடிவத்தையும் கேவெண்டிஷ் ஆராய்ந்தார். சம விட்டமுள்ள கோளமும் மெல்லிய வட்டத்தகடும் ஒரே மின்னழுத்தத்தில் கொள்ளும் மின்னூட்டங்களின் விகிதம் 1.57 எனக் கண்டார். பிற்காலக் கணிதக் கோட்பாடு தரும் மதிப்பு 1.571 ஆகும். மின்னோட்டத்தை அளக்கும் கருவி இல்லாததால், கரைசல்களின் மின்தடையைத் தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியைக் கொண்டே ஒப்பிட்டார்.

வெளியீடு

கேம்பிரிட்ஜில் 1874இல் திறக்கப்பட்ட கேவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் முதல் பேராசிரியரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், இவரது கையெழுத்துக் குறிப்புகளைப் பதிப்பித்து 1879இல் வெளியிட்டார். கோளச் சோதனையும் அங்கு மேம்பட்ட கருவிகளுடன் மீண்டும் செய்யப்பட்டு, விதி மேலும் நுட்பமாக உறுதிப்படுத்தப்பட்டது. ஆயினும் கேவெண்டிஷ் இறந்து ஏறத்தாழ 70 ஆண்டுகள் கடந்துவிட்டதால், இடைப்பட்ட காலத்தில் பிறர் இவ்வுண்மைகளைத் தாமாகவே மீண்டும் கண்டறிய வேண்டியிருந்தது.