தொப்புளைச் சுற்றி 14 ஊசி: டேவிட் செம்பிள் யார்? அவரது மருந்து ஏன் கைவிடப்பட்டது?

நாய் கடிச்சா தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவாங்க என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சும்மா மிரட்டல் இல்லை. அந்த மருந்தைத் தந்தவர் டேவிட் செம்பிள்.

1856-ல் அயர்லாந்தில் பிறந்த இவர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். வெறிநாய் கடித்த சிப்பாய்களை இந்தியாவிலிருந்து பாரிஸுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைய இமாச்சலில் உள்ள கசௌலியில் 1900-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியபோது, பொறுப்பு செம்பிளிடம் வந்தது.

பாஸ்டரின் மருந்தை அவ்வப்போது புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதனால் கடிபட்டவர்தான் மலையேறி வரணும். செம்பிள் யோசித்தார்: மருந்தே ஊருக்குப் போனால் என்ன? 1911-ல், நோய் தாக்கிய விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் வைரஸைக் கொன்று மருந்தாக்கினார். பின்னாளில் இதற்கு ஆட்டு மூளை பயன்பட்டது. பாட்டிலில் அடைத்து தூரத்து ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப முடிந்தது. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

சிக்கல் எங்கே?

வைரஸில் இல்லை, மூளையில்தான். நம் நரம்புகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. ஆட்டு மூளையிலும் கிட்டத்தட்ட அதே பொருள் இருக்கிறது. அதை அந்நியமாகப் பார்த்துத் தாக்கப் பழகும் உடல், சிலருக்குச் சொந்த நரம்புகளையே தாக்கிவிடும். கை கால் செயலிழக்கும். சிலர் இறந்தும் போனார்கள். இந்தப் பாதிப்பு சில நூறு பேரில் ஒருவர் முதல் சில ஆயிரம் பேரில் ஒருவர் வரை வந்ததாகக் கணக்குகள் மாறுபடுகின்றன.

1933-ல் அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர், நோயில்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினர். சில குரங்குகளுக்கு மூளை அழற்சி வந்தது. செம்பிள் 1937-ல் மறைந்தார். அவரது மருந்தோ இந்தியாவில் 2004 வரை தயாரிக்கப்பட்டது. விலை குறைவு என்பது முக்கியக் காரணம்.

இப்போது என்ன?

இன்றைய தடுப்பூசியில் மூளைத் திசு கிடையாது. பெரியவர்களுக்குக் கையில்தான் போடுவாங்க; 4 அல்லது 5 முறை போனால் போதும். காயம் ஆழமானால் சீரமும் தேவைப்படும். குதிரைச் சீரம் சிலருக்கு ஒவ்வாமை தரலாம், அதனால் போட்டபின் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

நாய் கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கிளம்புங்கள். பழைய ஊசியின் பயத்தில் வீட்டிலேயே இருந்துடாதீங்க. நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.