கைநாட்டு வைத்த தையல்காரம்மா



நம்ம மலருக்குப் பெரிய மனுஷங்க ஒருத்தரோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு கேட்டாங்க. தலைவர்களைப் பற்றி எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் தையல்காரி. அதனால் தையலிலேயே உலகப் பேர் வாங்கின ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் மதலேன் வியோனே. பிரான்சு நாட்டுக்காரர். அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த அம்மாவின் கதை எனக்கு ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்கள் தெருப் பெண் ஒருத்தி பேண்ட் தைக்கத் துணி கொண்டு வந்தாள். செய்யாறு சிப்காட்டில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். நல்ல துணி, காசு சேர்த்து வாங்கினது. நான் அளவு எடுத்து நேராக அந்தத் துணியிலேயே கத்திரி போட்டேன். நின்றால் நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் பின்பக்கம் இடுப்பு கீழே இறங்கிவிட்டது. தொடைகிட்ட சுருக்கம் சுருக்கமாக இழுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் உடம்பு வாகு அப்படிம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப்போச்சு. கூலியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனாள். அந்தப் பேண்டை அவள் போட்டு நான் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஒரு தையல் பயிற்சிக்குப் போனபோதுதான் ட்ரையல் துணி தைத்துப் பார்ப்பதைப் பற்றியும், இந்த வியோனே அம்மாவைப் பற்றியும் தெரிந்துகொண்டேன்.

அவர் பிறந்தது 1876 ஜூன் 22. வசதியான குடும்பம் இல்லை. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டதால் அப்பாவிடம் வளர்ந்தார். 11, 12 வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 18 வயசில் கல்யாணம். ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துபோச்சு. அந்த வாழ்க்கையும் நிலைக்கவில்லை. துணைக்கு யாருமில்லாமல் லண்டனுக்குப் போய், ஒரு மருத்துவமனையில் துணி தைக்கும் வேலை பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு பெரிய தையல் கடையில் சேர்ந்து தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டார்.

1900 வாக்கில் பாரிசுக்குத் திரும்பி, காலோ சகோதரிகள் கடையில் சேர்ந்தார். அது நாலு அக்கா தங்கைகள் சேர்ந்து ஆரம்பித்த கடை. மூத்த சகோதரி ஒரு உடையை யோசித்துச் சொல்வார். அதை முதலில் விலை குறைந்த பருத்தித் துணியில் தைத்துப் பார்ப்பது வியோனேவின் வேலை. அந்த ட்ரையல் துணியைப் பிரெஞ்சில் துவால் என்பார்கள். ஒரு உடை சரியாக வருமா வராதா என்பது துவாலிலேயே தெரிந்துவிடும். விலையுயர்ந்த பட்டில் கை வைப்பது அதற்குப் பிறகுதான். தன் தொழிலின் அடித்தளத்தை அங்கேதான் அவர் போட்டார்.

1912ல் சொந்தக் கடை திறந்தார். இரண்டே வருஷத்தில் முதல் உலகப் போர் வந்து கடையை மூடவேண்டி வந்தது. போர் முடிந்ததும் மறுபடி திறந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் உடம்பை இறுக்கிக் கட்டும் கச்சு போட்டுத்தான் கவுன் அணிவார்கள். உடைக்கு ஏற்றபடி உடம்பு மாறவேண்டும் என்பது அன்றைய வழக்கம். இவர் அதைத் திருப்பிப் போட்டார். உடம்புக்கு ஏற்றபடி துணிதான் வளையவேண்டும் என்று கச்சு இல்லாத உடைகளைத் தைத்தார்.

அது எப்படி என்று ஆரணிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. துணியில் பாவு நீளவாக்கில் ஓடுகிறது, ஊடை குறுக்குவாக்கில் ஓடுகிறது. பாவு வழியே இழுத்தால் துணி கொடுக்காது. மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாகக் கொடுக்கும். கிராஸ் கட்டிங் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி உட்காருவது இதனால்தான். அவருக்கு முன்னாடி காலர் மாதிரி சின்னத் துண்டுகளுக்குத்தான் பெரும்பாலும் கிராஸ் வெட்டினார்கள். இவர் முழு உடையையே கிராஸில் வெட்டினார். அதற்கு வழக்கமான அகலம் போதவில்லை. பிரான்சில் லியோன் என்று ஒரு ஊர், நம்ம ஆரணி மாதிரி பட்டுக்குப் பேர்போனது. அந்த ஊர் நிறுவனம் ஒன்றிடம் சொல்லி, அதிக அகலத்தில் பட்டுக் கிரேப் நெய்து வாங்கினார்.

காகிதத்தில் படம் வரைந்து அவர் தொடங்கவில்லை. சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில், ஆள் உயரத்தில் பாதி அளவுக்கு ஒரு மரப் பொம்மை வைத்திருந்தார். அதன்மேல் துணியைப் போர்த்தி, பின் குத்தி, நூல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் உடையை உருவாக்கினார்.

அவர் பேர் வாங்கினது கவுனுக்கு. நான் தைப்பது பேண்ட். ஆனாலும் துணியில் நூல் போகும் திசையைக் கவனிக்கிற பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், தைக்கிறவர்களுக்கு உதவும்.

காடாத் துணியோ பழைய கெட்டியான பெட்ஷீட்டோ எடுத்து, பேண்டை வெட்டுங்கள். தையலுக்கு ஒரு இன்ச் விடுங்கள். வெட்டின துணியில் பேனாவால் கோடு போடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் முன்னும் பின்னும், இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, பாவு நூல் வழியே ஒரு நேர்க்கோடு. பிறகு மூணு குறுக்குக் கோடு. சீட் அகலமாக இருக்கும் இடத்தில் ஒன்று, தொடை பிரியும் இடத்தில் ஒன்று, முழங்காலில் ஒன்று. பெரிய தையலாகப் போட்டு இணைத்து, இடுப்பில் எலாஸ்டிக் கட்டி, போட்டுப் பாருங்கள்.

குறுக்குக் கோடு தரைக்குச் சமமாக இருக்கவேண்டும். நேர்க்கோடு சாயாமல் இறங்கவேண்டும். சீட் கோடு பின்பக்கம் மேலே ஏறியிருந்தால் பின்பக்க உயரம் போதவில்லை. முன்பக்கம் ஏறியிருந்தால் வயிற்றுக்கு இடம் போதவில்லை. கீழே தொங்கினால் அந்த இடத்தில் துணி அதிகம், கிள்ளிப் பின் குத்துங்கள். நேர்க்கோடு பக்கவாட்டில் இழுத்தால் அந்தப் பக்கம் அகலம் போதவில்லை, தையலைப் பிரித்து விடுங்கள். உயரம் போதாத இடத்தில் குறுக்குக் கோட்டின் மேலேயே வெட்டி, கோடு சமமாக வரும்வரை திறந்து, ஒட்டுத் துண்டு வைத்துப் பின் குத்துங்கள். எத்தனை இன்ச் திறந்ததோ அத்தனை இன்ச் கூட்டவேண்டும். நின்று மட்டும் பார்க்காமல் உட்கார்ந்து, குனிந்து, படி ஏறியும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் அதைப் பிரித்து இஸ்திரி போட்டால் அதுவே பேட்டர்ன்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகு அந்தத் தெருப் பெண்ணை நானே போய்க் கூப்பிட்டேன். வர அவளுக்கு மனசே இல்லை. காடாத் துணியில் தைத்துக் கோடு பார்த்தேன். பின்பக்கம் ஒன்றரை இன்ச் திறந்தது. அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை, என் கணக்கில்தான் ஒன்றரை இன்ச் தப்பு. அதை அவளிடமே சொன்னேன். புதுத் துணி என் செலவில் வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

வியோனே அம்மாவிடம் நான் மதிக்கிற இன்னொரு விஷயம் இருக்கிறது. 1923ல் பாரிசின் மோந்தேன் சாலையில் பெரிய கட்டடத்துக்குக் கடை மாறியது. 1,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், அதிகமும் பெண்கள். சின்ன வயசில் தையல் கடையில் தான் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. தைக்கிறவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலி போட்டார். சாப்பாட்டுக் கூடம், மருத்துவர், பல் மருத்துவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம், பேறுகால விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை எல்லாம் கொடுத்தார். பிரான்சில் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது 1936ல்தான். அதற்கு முன்னாடியே இவர் கொடுத்துவிட்டார்.

அவருடைய உடைகளைப் பார்த்து மற்றவர்கள் காப்பி அடித்து விற்றார்கள். அதற்காக ஒவ்வொரு உடையையும் முன், பக்கம், பின் என்று கண்ணாடி வைத்துப் படம் எடுத்து ஆல்பத்தில் சேர்த்தார். உடையின் லேபிளில் கையெழுத்தோடு தன் பெருவிரல் ரேகையையும் வைத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள், அதைச் சொல்லவே வெட்கப்பட்டார்கள். இந்த அம்மா எழுதத் தெரிந்தும் கைநாட்டு வைத்தார். இது என் கையால் ஆன வேலை, வேறு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பதற்காக. நம்ம ஆரணிப் பட்டுக்கு வாங்கியிருக்கிற புவிசார் குறியீடும் அப்படி ஒரு கைநாட்டுதான்.

1939ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கினபோது கடையை மூடினார். 1952ல் தன்னிடம் இருந்ததையெல்லாம் பொதுச் சொத்தாகக் கொடுத்துவிட்டார். 120க்கும் மேற்பட்ட உடைகள், 75 ஆல்பங்கள், அதோடு சுமார் 750 துவால்கள். 1975 மார்ச் 2 அன்று, 98 வயசில் காலமானார். அந்தச் சேகரிப்பு இன்றைக்கும் பாரிசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த 750 ட்ரையல் துணியை நான் அடிக்கடி நினைப்பேன். வேலை முடிந்ததும் அவர் குப்பையில் போட்டிருக்கலாம். போடாமல் பத்திரமாக வைத்திருந்தார். நம்மில் தைக்கிறவர்கள் எல்லாரும் அவரவர் ட்ரையல் துணியில் அளவும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு பீரோ ஒதுக்கினால் புதுசாகத் தையல் கற்க வரும் பிள்ளைகளுக்கு அது பாடமாக இருக்கும். என்னுடைய முதல் துணி, அந்த ஒன்றரை இன்ச் ஒட்டுத் துண்டோடு, என் பெட்டியில் இருக்கிறது. அதை முதலில் நான் கொண்டு வந்து வைக்கிறேன்.