அலை இருந்தது, காது கேட்கல

போன செமஸ்டர்ல ஒரு சனிக்கிழமை. ஊருக்குப் போற ரயில் ரெண்டு மணி நேரம் லேட். அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள ப்ராஜெக்ட் ரிவ்யூ ரிப்போர்ட்டை அப்லோட் பண்ணியாகணும். ஸ்டேஷன்ல இலவச வைஃபை உண்டுன்னு போர்டே மாட்டியிருக்காங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஃப்ரெண்டோட போன்ல நாலு நெட்வொர்க் காட்டுது. என் லேப்டாப்ல லிஸ்ட் காலி.

ஏர்பிளேன் மோடு ஆஃப்லதான் இருந்தது. ரீஸ்டார்ட் பண்ணேன். வைஃபை டிரைவரைத் தூக்கிட்டு மறுபடியும் போட்டேன். நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணேன். ஒண்ணும் நடக்கல. கடைசியில அவனோட போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் பண்ணச் சொல்லி, ஏழு அம்பதுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். ஹாட்ஸ்பாட் மட்டும் உடனே தெரிஞ்சுது. ஏன் அது மட்டும் தெரிஞ்சுதுன்னு நான் யோசிக்கவே இல்ல. யோசிச்சிருந்தா பதில் அங்கேயே கிடைச்சிருக்கும்.

அதுக்கு அடுத்த வாரம் ஒரு செமினாருக்காக ஜகதீஷ் சந்திர போஸைப் பத்திப் படிக்க வேண்டி வந்தது. நம்ம பாடத்துல அவருக்கு ஒரு வரிதான், ரெண்டு மார்க் கேள்விக்குக் கூடப் பத்தாது. செடிக்கு உயிர் இருக்குன்னு சொன்னவர்னு ஸ்கூல்ல படிச்சதோட சரி. ஆனா ரேடியோ அலை வந்திருக்குன்னு கண்டுபிடிக்கிற கருவிக்காகவே அவர் பல வருஷம் செலவழிச்சிருக்கார். என் லேப்டாப்போட பிரச்சினையும் அதேதானே!

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, இன்றைய பங்களாதேஷ் பகுதியில். அப்பா பகவான் சந்திர போஸ், பிரிட்டிஷ் அரசில் டெபுடி மாஜிஸ்ட்ரேட். அந்தப் பதவியில இருக்கிறவங்க பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுதான் அப்போ வழக்கம். அவரோ மகனை வங்காளி மீடியம் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவின் உதவியாளரோட மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துலயே படிச்ச எனக்கு இதைப் படிச்சப்போ கொஞ்சம் உறுத்தினது உண்மை. பின்னாளில் அவர் வங்காளியிலேயே அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1896-ல் ஒரு அறிவியல் கதை கூட எழுதியிருக்கார்.

அப்புறம் கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ். அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்த பாதிரியார் லஃபோன், செய்முறைகளாலேயே பாடம் நடத்தினவர். 1880-ல் போஸ் மருத்துவம் படிக்க லண்டன் போனார். காய்ச்சல் விடவே இல்லை. பிணங்களை அறுத்துப் படிக்கிற அறையின் நாற்றத்தில் உடம்பு இன்னும் மோசமானது. படிப்பை விட்டுட்டு கேம்பிரிட்ஜுக்கு மாறி, இயற்கை அறிவியல் எடுத்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களில் ஒருவர் லார்டு ரேலே.

1885-ல் திரும்பி வந்து பிரசிடென்சி காலேஜில் பேராசிரியர் ஆனார். வேலை கிடைச்சாச்சு, செட்டில்னு நாம நினைப்போம். ஆனா இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் சம்பளத்தில் மூணில் ரெண்டு பங்குதான். போஸின் பதவி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அதாவது ஒரே வேலைக்கு மூணில் ஒரு பங்கு. அவர் வேலையை விடலை, சண்டை போடலை. சம்பளத்தை மட்டும் தொடலை. மூணு வருஷம் ஒரு பைசா வாங்காம வகுப்பு எடுத்தார். அந்த நேரத்துல வீட்டில் அப்பாவோட கடன் கழுத்தை நெரிச்சுட்டு இருந்தது. 1887-ல் கல்யாணமும் ஆச்சு. மனைவி அபலா, அதுக்கு முன்னாடி நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நிலை காரணமாக முடிக்க முடியாமல் திரும்பினார். கடைசியில் அரசு இறங்கி வந்தது. முழுச் சம்பளம், பழைய பாக்கியோட சேர்த்து. அந்தப் பணம் அப்பாவின் கடனை அடைக்கப் போனது.

இப்போ அலைக்கு வருவோம். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1887, 1888-ல் ரேடியோ அலை உண்மையிலேயே இருக்குன்னு நிரூபிச்சார். 1894 ஜனவரி 1 அன்று, 36 வயசுலயே இறந்துட்டார். அதே வருஷம், தன் 36-வது பிறந்தநாளில் இருந்து ஆராய்ச்சியில் முழுசா இறங்குறதுன்னு போஸ் முடிவு பண்ணார். காலேஜில் லேப் கிடையாது. குளியலறைக்குப் பக்கத்தில் 24 சதுர அடியில் ஒரு அறை. உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். அவ்வளவுதான் அவரோட ரிசர்ச் டீம்.

ஹெர்ட்ஸோட அலைகள் நீளமானவை. அதுக்குக் கண்ணாடியும் பட்டகமும் செய்யணும்னா ஆள் உயரத்துக்குச் செய்யணும். போஸ் அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைச்சார். மொத்தக் கருவியும் ஒரு மேஜையில் அடங்கிப்போச்சு. 5 மில்லிமீட்டர்னா 60 கிகாஹெர்ட்ஸ். நம்ம வைஃபை பெரும்பாலும் 2.4 இல்லைன்னா 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுது. 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தரநிர்ணயம் வந்ததே இந்த நூற்றாண்டில்தான்.

அவர் பயன்படுத்தின சாமான்களைக் கேட்டா நம்ப மாட்டீங்க. அலையை ஒரே திசையில் அதிர வைக்கிற போலரைசர் வேணும். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, பக்கங்களுக்கு நடுவுல ஈயத்தாளைச் சொருகினார். போலரைசர் ரெடி. முறுக்கின சணல் நாரையும் விடலை, அதையும் அலைக்குக் குறுக்கே வச்சு ஆராய்ஞ்சார். அலையைச் சேர்த்து உள்ளே அனுப்ப ஒரு புனல் வச்சார். இன்னைக்கு ஹார்ன் ஆன்டெனான்னு நாம லேப்ல பார்க்கிறது அந்த வம்சம்தான்.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் எல்லார் முன்னாடியும் செய்து காட்டினார். அனுப்பும் கருவி ஒரு பக்கம், வாங்கும் கருவி சுவர்களுக்கு அப்பால், 75 அடி தூரத்தில். நடுவில் லெப்டினன்ட் கவர்னரே நின்றார். அலை அவர் உடம்பையும் சுவரையும் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்ற வைத்தது.

ஆனா அவருக்கு உண்மையான தலைவலி வாங்கும் கருவிதான். அந்தக் காலத்தில் அதுக்குப் பேர் கோஹிரர். கண்ணாடிக் குழாய்க்குள்ளே இரும்புத்தூள். அலை பட்டதும் தூள்களுக்கு நடுவுல மின்தடை குறையும், கரண்ட் பாயும். பிரச்சினை என்னன்னா, அது மூடு சரியில்லாத ஆள் மாதிரி. ஒரு தடவை வேலை செய்யும், அடுத்த தடவை செய்யாது. அலை வரலையா, வந்தும் கருவிக்குக் கேட்கலையான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

போஸ் தூளைத் தூக்கிப் போட்டார். அதுக்குப் பதிலா சின்னச் சின்ன எஃகுச் சுருள்கம்பிகளை ஒரே அடுக்கா வரிசையில் வச்சார். ஒரு திருகாணியைத் திருப்பினால் சுருள்கள் ஒன்றையொன்று அழுத்தும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு கரண்ட் என்று இரண்டையும் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். தொடும் இடம் சரியா அழுந்தியிருந்தால் கருவி கேட்கும், இல்லைன்னா செவிடு. வங்காளத்தின் ஈரக் காற்றில் எஃகு துருப்பிடிச்சு மறுபடியும் செவிடாச்சு. மேலே பல உலோகங்களைப் பூசிப் பார்த்தார். கோபால்ட் நல்லா வேலை செய்தது. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி, என்ன ஆகுதுன்னு பார்த்து, எழுதி வச்சார்.

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதையெல்லாம் செய்து காட்டினார். கருவியின் அமைப்பை ஒளிக்காமல் சொன்னார். காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. 1899-ல் இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஒரு வாங்கியை, டெலிபோனோடு இணைத்து, ராயல் சொசைட்டியில் விவரிச்சார். 1901-ல் மார்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் வாங்கினப்போ வச்சிருந்ததும் பாதரச வகை வாங்கியும் டெலிபோனும்தான். 1909-ல் நோபல் பரிசு மார்கோனிக்கும் ப்ரௌனுக்கும் போனது. நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா என்ற தாதுவால் செய்த வாங்கிக்கு மட்டும் போஸ் விண்ணப்பிச்சார். 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. குறைக்கடத்திக் கருவிகளுக்கான மிக முந்தைய காப்புரிமைகளில் அது ஒன்று. அதை வச்சு அவர் சம்பாதிக்கலை.

அந்த நேரத்துல அவர் மனசு வேற பக்கம் போயிருந்தது. காரணமும் அந்த வாங்கிதான். தொடர்ந்து வேலை வாங்கினா அதோட உணர்திறன் குறையுது, கொஞ்ச நேரம் சும்மா விட்டா திரும்பி வருது. நானா இருந்தா கருவி கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கியிருப்பேன். போஸுக்கு இது தசை களைக்கிற மாதிரி தெரிஞ்சது. உலோகம் களைச்சா, செடி களைக்குமா? 1902-ல் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். உடலியல் அறிஞர்கள் பலர் அவரை ஏத்துக்கலை. உலோகத்தையும் உயிரையும் ஒண்ணா வச்சுப் பேசினதை இன்றைய அறிவியலும் அப்படியே ஏத்துக்கிறதில்லை. ஆனா செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டின கிரெஸ்கோகிராஃப் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

1917-ல் தன் 59-வது பிறந்தநாளில் கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23, கிரிதியில் இறந்தார். 79 ஆக இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவரோட மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஐ.இ.இ.இ. மைல்கல்லா அறிவிச்சது 2012-ல்தான்.

செமினார் முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வந்ததும் எனக்கு அந்த ஹாட்ஸ்பாட் ஞாபகம் வந்தது. ஃப்ரெண்ட் போன்ல நாலு நெட்வொர்க் தெரிஞ்சுது, அப்போ அலை இருந்தது. ஒரு அடி தூரத்து ஹாட்ஸ்பாட் என் லேப்டாப்புக்குத் தெரிஞ்சுது, அப்போ டிரைவரும் வைஃபை கார்டும் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல கத்தினா கேட்குது, தூரத்துல பேசினா கேட்கல. அப்போ கோளாறு காதுல. ரெண்டு மாசம் முன்னாடிதான் லேப்டாப்போட ஹின்ஜை ஒரு கடையில மாத்தியிருந்தேன்.

ஷட்டவுன் பண்ணி, பின்மூடியைத் திறந்து, பேட்டரி கனெக்டரைக் கழட்டிட்டுப் பார்த்தேன். ஸ்க்ரீனைச் சுத்தியிருக்கிற ஆன்டெனாவிலிருந்து வைஃபை கார்டுக்கு ரெண்டு மெல்லிசான ஒயர் வருது. ஒண்ணு முழுசா கழண்டு கிடந்தது. இன்னொண்ணு சும்மா மேல உட்கார்ந்திருந்தது. நேரா வச்சு விரலால அழுத்தினேன். டிக்குனு ஒரு சின்னச் சத்தம்.

உங்களுக்கும் வெளியில நெட்வொர்க் தெரியலன்னா டிரைவரில் கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணு சோதனை போதும். பக்கத்து ஆளோட போனில் தெரியுதான்னு பாருங்க. ஹாட்ஸ்பாட்டைப் பக்கத்துல வச்சு லேப்டாப்புக்குத் தெரியுதான்னு பாருங்க. அதே ஹாட்ஸ்பாட்டை 2.4-லயும் 5 கிகாஹெர்ட்ஸ்லயும் மாத்தி வச்சுப் பாருங்க. பழைய லேப்டாப் சிலதுக்கு 5 தெரியவே தெரியாது. பக்கத்துல தெரிஞ்சு பத்தடி தள்ளினா மறைஞ்சா, ஆன்டெனா ஒயரைச் சந்தேகப்படுங்க.

அடுத்த வாரம் அதே ஸ்டேஷன், ரயிலும் வழக்கம்போல லேட். லேப்டாப்பைத் திறந்தேன். லிஸ்ட்ல ஆறு நெட்வொர்க். ஃப்ரெண்டோட போன்ல நாலுதான்.