போர்வீரர் ஸெர்வாண்டிஸ்

டான் குயிக்ஸோட் என்னும் நவீனத்தின் பெயரைக் கேளாதார் கற்றோருள் அரியர். அதனை இயற்றிய மிகுவேல் டி ஸெர்வாண்டிஸ் ஒரு போர்வீரர் என்பதையும், அவருடைய ராஜாங்கம் அவரை எவ்வாறு பேணிற்று என்பதையும் நம்மவருட் பலர் அறியார்.

அவர் கி.பி. 1547-ஆம் வருஷத்தில் ஸ்பெயின் தேசத்து அல்காலா நகரிற் பிறந்தார். தந்தையார் ரொட்ரிகோ இரணவைத்தியர். அக்கால ஐரோப்பாவில் க்ஷவரத்தொழிலும் இரண சிகிச்சையும் பெரும்பாலும் ஒரே வகுப்பாரிடத்து இருந்தன. எலும்பு பொருத்துதலும் குருதி வாங்குதலும் அவர்தம் ஜீவனம். மருத்துவ குலத்தினராகிய நமக்கு இச்செய்தி புதுமையன்று. அத்தொழில் செய்தார்க்கு வறுமை உடன்வந்ததும் புதுமையன்று. ரொட்ரிகோ கடனுக்காகச் சிறையிருந்தவர்.

1571-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி, கிரேக்க தேசத்துக் கரையையடுத்த லெபாந்தோ கடலில் துருக்கியருக்கும் கிறிஸ்தவ அரசர்களுக்கும் பெரும்போர் மூண்டது. அன்று ஸெர்வாண்டிஸ் கடுஞ்சுரத்துடன் இருந்தார். தோழர் தடுத்தும் கேளாது எழுந்துசென்று, ஆபத்து மிக்கதோரிடத்தில் நின்று பொருதார். மார்பில் இரண்டு குண்டுகள் பாய்ந்தன. இடக்கையிற் பாய்ந்த மற்றொன்றால் அக்கை என்றைக்கும் பயனற்றதாயிற்று. மெஸ்ஸினா நகரத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காய்க் கிடந்து எழுந்தவர், வீடு திரும்பினாரல்லர். மீண்டும் படையிற் சேர்ந்து நவரினோவிலும் டூனிஸிலும் சேவித்தார்.

1575-இல் தமையனாகவோ தம்பியாகவோ அல்லாமல் தோழனாகவே உடனிருந்த சகோதரரோடு தாய்நாடு திரும்புகையில், கடற்கொள்ளைக்காரர் கப்பலைப் பிடித்து அவ்விருவரையும் அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோயினர். ஸெர்வாண்டிஸின் வீரத்தைப் பாராட்டிச் சேனாதிபதி அளித்திருந்த கடிதமே அவருக்குப் பகையாயிற்று. இவன் பெரிய மனிதன் போலும் என்றெண்ணி மீட்புப்பணத்தை 500 பொற்காசாக உயர்த்திவிட்டனர். நான்கு முறை தப்ப முயன்றார், நான்கும் பலிக்கவில்லை. பிடிபட்டபோதெல்லாம் பழியைத் தம்மேலேயே ஏற்றுக்கொண்டு தோழரைக் காத்தார். 1580-இல், கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட இருந்த கப்பலில் ஏற்றப்பட்டபின், திரித்துவ சபைத் துறவியர் பணம் செலுத்தி அவரை மீட்டனர்.

பின்பு நேர்ந்ததுதான் அவருடைய மெய்யான யுத்தம். கச்சேரிக்குக் கச்சேரி மனுவோடு நடந்தவர்கள் அதனை உணர்வர். ஸ்பெயினின் பெருங்கப்பற்படைக்காக ஊரூராய்த் தானியம் சேகரிக்கும் வேலை 1587-இல் கிடைத்தது; கோயிலுக்குரிய தானியத்தைக் கைப்பற்றியதால் சபைப் பிரஷ்டம் வாய்த்தது. 1590-இல், அமெரிக்கக் குடியேற்றங்களில் காலியாயிருந்த நான்கு உத்தியோகங்களுள் ஒன்றை வேண்டித் தம் சேவையெல்லாம் விவரித்து மனுச்செய்தார். உள்நாட்டிலேயே ஏதேனும் தேடிக்கொள்ளும்படி விடை வந்தது! பிறகு வரி வசூலித்த பணத்தை அவர் ஒப்புவித்த வியாபாரி திவாலாகவே, 1597-இல் ஸெவில் நகரச் சிறை புகுந்தார்.

1605-இல், ஐம்பத்தேழாம் வயதில், டான் குயிக்ஸோட் முதற்பாகம் வெளிவந்தது. தேசமெங்கும் அதைப் படித்துச் சிரித்தனர்; ஆசிரியரின் வறுமை தீரவில்லை. 1614-இல் எவனோ ஒருவன் மாற்றுப்பெயரில் போலி இரண்டாம் பாகம் எழுதி, அதன் முகவுரையில் அவருடைய முதுமையையும் ஊனக்கையையும் ஏளனஞ் செய்தான். மறுவருஷம் தம் இரண்டாம் பாகத்தை வெளியிட்ட ஸெர்வாண்டிஸ், அக்காயம் மதுக்கடைச் சண்டையில் வந்ததன்று, லெபாந்தோவில் வந்தது என்று மாத்திரம் நிதானமாக விடையிறுத்தார்.

1616-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி மாட்ரிட் நகரிற் காலமானார். முன்னர் அவரை மீட்ட அதே திரித்துவ சபையைச் சார்ந்த கன்னியர் மடத்தில் அவருடல் அடக்கஞ் செய்யப்பெற்றது.