பகைவர் மகவுக்கும் பாலூட்டிய பெருமாட்டி

சிறுவரைக் காத்தவர் என்று உலகம் போற்றும் ஒருவர், குழந்தைகளோடு கொஞ்சி விளையாடும் இயல்பு தமக்கு இல்லையென ஒளிவுமறைவின்றி எழுதியவர் என்றால் நம்புதல் அரிது. எக்லண்டைன் ஜெப் அம்மையாரின் வரலாற்றைப் பயிலுந்தோறும் என் சிந்தையை முதலில் ஈர்ப்பது இம்முரண்பாடே. அவர் மணம் புரிந்தவரல்லர், மகப்பேறு கண்டவருமல்லர். ஆயினும், போரிலும் பஞ்சத்திலும் சிக்கிய சிறுவருக்காக அவர் ஆற்றிய தொண்டு, அவர் மறைந்து பல்லாண்டு கடந்தும் பயன் தந்துகொண்டிருக்கிறது.

இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள எல்ஸ்மியர் என்னும் ஊரிலே, 1876 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25 ஆந் திகதி, வசதி படைத்த குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அன்னையார், கிராமத்து எளிய மக்களிடையே கைப்பணிகளை வளர்க்கச் சங்கம் அமைத்தவர். மகளார் ஒக்ஸ்போர்ட்டிலே வரலாறு பயின்று, பின்னர் மார்ல்பரோ நகரத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியையாயினார். அப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. உடல்நலம் குன்றியது, அத்தொழிலுக்குத் தாம் ஏற்றவரல்லர் என்னும் எண்ணமும் அவரை வாட்டியது. வகுப்பறையை விட்டு விலகிய அவரே, பிற்காலத்தில் உலகின் பல்வேறு வகுப்பறைகளிலும் பேசப்படும் கோட்பாடொன்றுக்கு வித்திட்டார் என்பது ஆசிரியராகிய நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தாயாருடன் கேம்பிரிட்ஜ் நகரிலே குடியேறிய பின், அங்கு இயங்கிய தரும சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். அந்நகரத்து வறுமையை ஆராய்ந்து 1906 ஆம் ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டார். இரக்கம் மட்டும் போதாது, யாருக்கு எது குறைவு என்று எண்ணிக் கணக்கிட்டு உதவுதலே தொண்டு என்னும் பாடத்தை அவர் கற்றது இங்கேதான் என்பது என் கருத்து. 1913 ஆம் ஆண்டில் பால்கன் போர்களால் சீரழிந்த மக்கெடோனியாவுக்கு நிவாரணப் பணியின் பொருட்டுச் சென்று, வீடிழந்தோர் படும் பாட்டை நேரிற் கண்டார்.

மறு ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. அவருடைய தங்கையார் டொரத்தி பக்ஸ்டன், எதிரி நாட்டுப் பத்திரிகைகளின் செய்திகளையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிடும் துணிவான பணியைத் தொடங்கினார். தமக்கையாரும் அதிற் பங்கு கொண்டார். 1918 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11 ஆந் திகதி பீரங்கிகள் ஓய்ந்தன. ஆனால், நேச நாடுகள் விதித்த கடல் முற்றுகை ஓயவில்லை. சமாதான உடன்படிக்கை கைச்சாத்திடப்படும்வரை அதனைத் தளர்த்த அரசினர் விரும்பவில்லை. வீயன்னா நகரிலே பிள்ளைகளின் எலும்புகள் வளைந்தன, கைகால் சூம்பின. அந்நகரத்துப் பெற்றாரிடம் அன்பு குறைந்திருந்ததா? இல்லை. பால்தான் குறைந்திருந்தது. பெற்ற தாய் தன் உயிரையே ஈய ஒருப்பட்டாலும், கடலில் நிற்கும் போர்க்கப்பலை அவளால் அகற்ற முடியாது. ஆகவே, அயலான் கைகொடுத்தாலன்றி அப்பிள்ளை பிழைக்க வழியில்லை. ஜெப் அம்மையார் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தார்.

1919 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இலண்டன் ட்ரபல்கார் சதுக்கத்தில் அவர் துண்டுப் பிரசுரங்களை வழங்கினார். தலை பெருத்து உடல் வற்றிய ஒஸ்திரியக் குழந்தையொன்றின் படம் அவற்றில் இருந்தது. தணிக்கை அதிகாரியின் அனுமதி பெறாது வெளியிட்ட குற்றத்துக்காக அவர் கைது செய்யப்பட்டார். மே மாதத்தில் நடந்த விசாரணையில் தமக்காகத் தாமே வாதாடினார். சட்டத்தை மீறியமையை மறுக்க அவரிடம் நியாயம் இருக்கவில்லை; மனச்சாட்சியின் பக்கமிருந்தே அவர் பேசினார். நீதிமன்றம் விதித்த அபராதம் 5 பவுண். குற்றஞ்சாட்டி வாதாடிய அரசாங்க நியாயவாதி சேர் ஆர்ச்சிபோல்ட் பொட்கினே வழக்கு முடிந்ததும் 5 பவுணை எடுத்து நீட்டினார் என்றும், அப்பணமே சிறார் நிதிக்கு வந்த முதற் கொடை என்றும் கூறுவர். தண்டனை கோரியவர் கையே கொடையும் ஈந்தது.

அதே மாதம் 19 ஆந் திகதி றோயல் அல்பர்ட் மண்டபத்திலே பெருங்கூட்டம் கூடியது. பகைவர் பிள்ளைக்கு உதவி கேட்கும் துரோகிகள்மீது வீசுவதற்கென அழுகிய பழங்களைக் கொண்டு வந்தோரும் அங்கிருந்தனர். மைந்தரைப் போரிற் பறிகொடுத்த பெற்றாரின் சினத்தை நாம் எளிதாக இகழ்ந்துவிட முடியாது. அம்மையார் மெலிந்த குரலிற் பேசத் தொடங்கி, பேசப் பேச உரம் பெற்று, பட்டினியால் மடியும் குழந்தையைக் கண்டும் வாளாவிருத்தல் மனிதருக்கு ஒவ்வாது என்று எடுத்துரைத்தார். பழங்கள் வீசப்படவில்லை; பணம் சேர்ந்தது. சிறுவரைக் காக்கும் நிதி அன்று உருப்பெற்றது.

அதன்பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. தாம் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவராயினும், உரோமாபுரிக்குச் சென்று பதினைந்தாம் பெனடிக்ற் பாப்பரசரைக் கண்டு அவரது ஆதரவைப் பெற்றார். 1920 ஆம் ஆண்டு ஜனவரியில் ஜெனீவாவிலே சர்வதேச ஒன்றியம் ஒன்று அமைந்தது. 1921 ஆம் ஆண்டில் ருஷ்யாவின் வொல்கா நதிப் பிரதேசத்தைக் கொடிய பஞ்சம் பீடித்தபோது, நிதியம் கப்பலில் உணவு அனுப்பிச் சராத்தொவ் பகுதியிலே சமையற் கூடங்களை நிறுவியது. தாய்நாட்டில் வேலையற்றோர் வாடும்போது பொல்ஷிவிக்குகளின் பிள்ளைகளுக்குச் சோறு எதற்கு என்று கண்டனம் எழுந்தது. அம்மையார் சொற்போரில் இறங்கவில்லை. பஞ்சப் பிரதேசத்துக் காட்சிகளைத் திரைப்படமாக்கி மக்களுக்குக் காட்டச் செய்தார். கொடை குவிந்தது, பல்லாயிரம் பிள்ளைகள் நாள்தோறும் உணவு பெற்றனர்.

எனினும், ஒவ்வொரு பஞ்சத்துக்கும் புதிதாகக் கையேந்தும் நிலை அவருக்கு நிறைவு தரவில்லை. கொடுப்போர் மனம் மாறினால் குழந்தையின் கதி யாது? இவ்வினாவின் விளைவே 1923 ஆம் ஆண்டில் உருவான சிறுவர் உரிமைப் பிரகடனம். அதன் கருத்துக்கள் ஐந்தே. உடலும் உள்ளமும் வளர வேண்டியன பிள்ளைக்குக் கிடைத்தல் வேண்டும். பசித்த பிள்ளைக்கு உணவும், நோயுற்றதற்குச் சிகிச்சையும், பின்தங்கியதற்கு உதவியும், வழிதவறியதற்குத் திருந்தும் வாய்ப்பும், அநாதைக்குப் புகலிடமும் வேண்டும். இடர்க்காலத்தில் முதல் உதவி பிள்ளைக்கே உரியது. பிழைக்கும் வழியைப் பிள்ளைக்குக் காட்டி, சுரண்டலினின்றும் காத்தல் வேண்டும். தன் ஆற்றல் பிறர்க்கு உரியது என்னும் உணர்வோடு அது வளர்தல் வேண்டும். இனம், நாடு, சமயம் ஆகிய பேதங்களுக்கு அப்பாற்பட்ட கடன் இது. 1924 ஆம் ஆண்டு செப்டெம்பர் 26 ஆந் திகதி சர்வதேச சங்கம் இதனை ஏற்றது.

நெடுங்காலம் நோயோடு போராடிய அம்மையார், 1928 ஆம் ஆண்டு டிசெம்பர் 17 ஆந் திகதி ஜெனீவாவிலே காலமானார். அப்போது அவருக்கு வயது 52. ஆனால், அவர் இட்ட வித்து மடியவில்லை. 1959 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் தாபனம் அப்பிரகடனத்தை விரித்து ஏற்றது. 1989 ஆம் ஆண்டில் அது 54 உறுப்புரைகள் கொண்ட சமவாயமாக வளர்ந்தது. 1991 ஆம் ஆண்டில் இலங்கையும் அதனை ஏற்று உறுதி செய்தது.

அன்பு பெரிதுதான். ஆனால், அன்பு தன் வீட்டு வாயிலைத் தாண்டத் தயங்குவது. தன் இனத்தின் எல்லையில் நின்றுவிடுவது. கொஞ்சும் இயல்பில்லாத இப்பெருமாட்டியோ, குழந்தையை நேசிப்பவருக்கு மட்டுமன்றி நேசியாதவருக்கும் அதனைக் காக்கும் கடமை உண்டு என்று நிறுவினார். இடர்க்காலத்தில் முதல் உதவி பிள்ளைக்கே என்னும் அந்த மூன்றாம் கோட்பாடு இன்றைய போர்க்களங்களிலும் மீறப்படுகின்றது. முற்றுகைக்குள் அகப்பட்ட பெற்றார் இன்றும் வெறுங்கையோடு நிற்கின்றனர். சிறுவர் தினத்தன்று மாணவருக்கு இனிப்பு வழங்கும் ஆசிரியர், இவ்வம்மையார் நீதிமன்றில் நின்ற கதையையும் அவர்களுக்குச் சொல்வாராயின், அத்தினம் பொருளுடையதாகும் என்பது என் துணிபு.