வாஷிங்டன் புதுப்பித்த பழைய வீடு

ஜார்ஜ் வாஷிங்டன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு டாலர் நோட்டில் இருக்கும் முகம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி. பிரிட்டிஷ் படையோடு மோதி ஜெயித்த தளபதி. ஸ்கூல் புத்தகம் இதோடு நிறுத்திவிடும். ஆனால் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒரே ஒரு பழைய வீட்டை நாற்பது வருஷத்துக்கு மேல் உயர்த்தி, நீட்டி, பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார். போர் நடந்தபோதும் அதை விடவில்லை. அந்த வீட்டை அறை அறையாகச் சுற்றி வந்தால் அவருடைய வாழ்க்கைக் கதை முழுசா கிடைத்துவிடும். வாங்க, உள்ளே போகலாம்.

வீடு இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பொடோமாக் நதிக்கரை மேட்டில். பெயர் மவுன்ட் வெர்னான். 1734-ல் வாஷிங்டனின் அப்பா அகஸ்டின் கட்டியது. அப்போது அது ஒண்ணரை மாடி மர வீடு, அவ்வளவுதான். வாஷிங்டன் பிறந்தது 1732-ல். அவருக்கு 11 வயது ஆகும்போது அப்பா இறந்துவிட்டார். வீடு மூத்த அண்ணன் லாரன்ஸுக்குப் போனது. தான் பணியாற்றிய கடற்படையின் தளபதி எட்வர்ட் வெர்னான் நினைவாக வீட்டுக்கு இந்தப் பெயரை வைத்தவர் லாரன்ஸ்தான். 1752-ல் லாரன்ஸும் இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து வாஷிங்டன் அந்த வீட்டை அண்ணியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். முழுச் சொந்தமானது 1761-ல், அண்ணி இறந்த பிறகு.

இங்கே ஒன்றைக் கவனிங்க. வாஷிங்டன் காலேஜ் போனதில்லை. ஆர்க்கிடெக்சர் யாரிடமும் படித்ததில்லை. 17 வயதில் நிலம் அளக்கும் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்தவர். அளவு எடுக்கத் தெரியும், கோடு போடத் தெரியும். மிச்சத்துக்கு இங்கிலாந்தில் அச்சான டிசைன் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டார். வீட்டு முகப்பை அவரே வரைந்த ஒரு ஸ்கெட்ச் இன்னும் இருக்கிறது.

மரத்தைக் கல்லாக்கிய வித்தை

முதல் பெரிய வேலை 1758-ல் தொடங்கியது. கூரையை உயர்த்தி ஒண்ணரை மாடியை இரண்டரை மாடியாக்கினார்கள். வாஷிங்டன் அப்போது பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரில் எல்லைப்பக்கம் இருந்தார். வேலையைப் பக்கத்து எஸ்டேட் நண்பர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 1759 ஜனவரியில் கல்யாணம். மணப்பெண் மார்த்தா கஸ்டிஸ், இரண்டு குழந்தைகளோடு இருந்த பணக்கார விதவை. அவரை ஒண்ணரை மாடி வீட்டுக்குக் கூட்டி வர வாஷிங்டனுக்கு மனசு வரவில்லை போல.

இந்தக் கட்டத்தில் செய்த ஒரு வேலையைக் கட்டாயம் சொல்லணும். இங்கிலாந்து பிரபுக்களின் மாளிகை எல்லாம் கல். இவர் வீடு மரம். கல்லுக்கு மாறும் செலவை யோசித்துப் பாருங்க. அதனால் பைன் மரப் பலகைகளின் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கினார்கள். வரிசையாக அடித்தபோது கல்லும் கல்லும் சேரும் இடம் போல் ஒரு பள்ளம் விழுந்தது. மேலே பெயின்ட் அடித்து, ஈரம் காய்வதற்குள் மெல்லிய மணலை வீசினார்கள். மணல் ஒட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கல் கட்டடம். இந்த முறைக்கு ரஸ்டிகேஷன் என்று பெயர். இன்றைக்கும் அந்தச் சுவரைத் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், தட்டினால் மரச் சத்தம் வரும்.

போர்க்களத்திலிருந்து சைட் சூப்பர்விஷன்

1774-ல் இரண்டாவது பெரிய வேலையை ஆரம்பித்தார். வீட்டின் இரண்டு பக்கமும் நீட்டுவது பிளான். தெற்குப் பக்கம் கீழே தனக்கு ஒரு படிப்பறை, மேலே படுக்கையறை, இரண்டுக்கும் நடுவே ஒரு தனிப் படிக்கட்டு. வடக்குப் பக்கம் இரண்டு மாடி உயரத்தில் விருந்தினருக்கு ஒரு பெரிய ஹால். நதியைப் பார்த்த பக்கம் வீட்டின் நீளம் முழுக்க, உயரமான தூண்களோடு ஒரு தாழ்வாரம். கூரை உச்சியில் ஒரு சின்னக் கோபுரம்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 1775-ல் புரட்சி வெடித்தது. வாஷிங்டன் தளபதியாகிக் கிளம்பினார். வீட்டு வேலை மொத்தமும் தூரத்து உறவினரான லண்ட் வாஷிங்டன் தலையில் விழுந்தது. அதன் பிறகு எல்லாம் கடிதத்தில்தான். 1776 ஆகஸ்டில் நியூயார்க்கைச் சுற்றிப் பிரிட்டிஷ் கப்பல்கள் குவிந்து நிற்கின்றன. பெரிய சண்டைக்கு இன்னும் ஒரு வாரம்தான். அப்போது அவர் லண்டுக்கு எழுதிய கடிதத்தில், வீட்டின் இரண்டு பக்கமும் என்னென்ன மரம் எப்படி நடணும் என்று விளக்கியிருக்கிறார். செப்டம்பரில் நியூயார்க் நகரம் கையை விட்டுப் போனது. அந்த மாதக் கடைசியில் இன்னொரு கடிதம்: புது ஹாலின் கணப்படுப்பு சரியாக நடுவில் வரணும், கதவுகள் ஒன்றுக்கொன்று நேராக அமையணும். படை சிதறிக்கொண்டிருக்கும்போது கணப்படுப்பா என்று தோணும். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. சுற்றி எதுவுமே கட்டுக்குள் இல்லாதபோது, அளவு சொல்லி நேராக்க முடிந்த ஒரே இடம் அந்த வீடாக இருந்திருக்கலாம்.

ஆனால் அந்த வீட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று அவருக்கு இருந்தது. 1781 ஏப்ரலில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் நதியில் ஏறி வந்து மவுன்ட் வெர்னான் எதிரே நின்றது. வீட்டைக் கொளுத்திவிடுவார்களோ என்று பயந்த லண்ட், கப்பலுக்கே போய் உணவுப் பொருள்களைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றினார். வாஷிங்டனுக்கு விஷயம் தெரிந்ததும் கோபம். எதிரிக்குச் சோறு போட்டதைவிட வீடு எரிந்து சாம்பலாகியிருந்தால் தனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எழுதிவிட்டார். அதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டுக்காக அவர் அனுப்பிய கடிதங்களை நினைத்துப் பார்த்தால், இது லேசான வார்த்தை இல்லை.

அந்தக் கப்பலில் வேறொன்றும் நடந்தது. மவுன்ட் வெர்னானில் அடிமைகளாக இருந்த 17 பேர் அதில் ஏறித் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் பெயர் கன்னர். வயது 45. அவருடைய தொழில் செங்கல் அறுப்பது.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்த வீட்டைப் பற்றி நாம் பேசும்போது வாஷிங்டன் கூரையை உயர்த்தினார், வாஷிங்டன் சுவரை நீட்டினார் என்றுதான் சொல்கிறோம். நானும் இதுவரைக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அவர் போட்டது கோடு. மரம் அறுத்ததிலும், செங்கல் சுட்டதிலும், பலகை அடித்ததிலும் பெரும்பங்கு அடிமைகளின் உழைப்பு. கூலிக்கு வந்த தச்சர்களும் பூச்சுக்காரர்களும் இருந்தார்கள், அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அடிமைகளுக்கு அதுவும் கிடையாது. சுதந்திரம் கேட்டுப் போர் நடத்திக்கொண்டிருந்த தளபதியின் வீட்டிலிருந்து, சுதந்திரம் தேடி எதிரியின் கப்பலில் ஏறினார்கள் அந்த 17 பேர். அவர்களில் சிலர் போர் முடிந்தபோது பிடிபட்டு, திரும்பவும் அடிமைகளாகவே கொண்டுவரப்பட்டார்கள்.

பச்சை அறையும் பெரிய ஹாலும்

1783 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வாஷிங்டன் வீடு திரும்பினார். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் 1781-ல் யார்க்டவுன் போகும் வழியில் சில நாள் தங்கியதோடு சரி. இனி உள் அலங்காரம். 1785-ல் சின்ன டைனிங் அறைக்குப் பளிச்சென்று பச்சை அடித்தார்கள். செப்பில் பிடிக்கும் பச்சைக் களிம்பிலிருந்து எடுத்த நிறம் அது. அந்தக் காலத்தில் விலை அதிகம். கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது வாஷிங்டனின் எண்ணம்.

பெரிய ஹாலின் கூரைக்கு 1786-ல் ஜான் ராலின்ஸ் என்ற கலைஞரின் டிசைனில் சுதை வேலை நடந்தது. ராஜா மாளிகைகளில் தேவதைகளும் கிரீடங்களும் வரும் இடத்தில், இங்கே விவசாயக் கருவிகளும் கோதுமைக் கதிர்களும். புது நாட்டுக்கு ராஜா கிடையாது, விவசாயிதான் தலைவன் என்று சொல்லும் அலங்காரம். நல்ல ஐடியாதான். ஆனால் அசல் கருவிகளைப் பிடித்து வயலில் நின்றவர்கள் யார் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். இங்கிலாந்து வியாபாரி சாமுவேல் வான் அந்த ஹாலுக்குப் பளிங்கில் ஒரு கணப்படுப்பு முகப்பை அன்பளிப்பாக அனுப்பினார். தன் எளிய வீட்டுக்கு இது ரொம்ப ஆடம்பரம் என்று வாஷிங்டன் தயங்கினார், ஆனாலும் வைத்துக்கொண்டார்.

1789-ல் ஜனாதிபதியாகிப் போனவர் 1797-ல் பதவி முடிந்து வந்ததும் திரும்ப வேலையை ஆரம்பித்தார். நடு ஹாலில் இருந்த பைன் மரப் பலகைகளின் மேல் பெயின்டாலேயே ரேகை போட்டு மகாகனி மரம் போலத் தெரியச் செய்தார்கள். அதே சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய சாவி தொங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் உடைத்த பஸ்தீய் சிறையின் சாவி. நண்பர் லஃபாயெத் 1790-ல் அனுப்பியது. சுதந்திரத்தின் அடையாளம் என்று அதை எல்லோருக்கும் காட்டினார்கள். 1798-ல் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் அந்த வீட்டில் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். வீடு சத்திரம் மாதிரி ஆகிவிட்டது என்று வாஷிங்டனே அலுத்துக்கொண்டார். அத்தனை பேருக்கும் சமைத்தவர்கள், படுக்கை விரித்தவர்கள், அந்தச் சாவிக்குக் கீழே தினமும் நடந்தவர்கள் அடிமைகள்.

கடைசி அறை

1799 டிசம்பர் 14. தெற்குப் பக்கம் தானே பிளான் போட்டுச் சேர்த்த படுக்கையறையில் தொண்டை நோயால் வாஷிங்டன் இறந்தார். வயது 67. மார்த்தாவும் டாக்டர்களும் செயலாளரும் கூட இருந்தார்கள். கிறிஸ்டோபர், கரோலின், மாலி, ஷார்லட் என்ற நாலு அடிமைகளும் அந்த அறையில் இருந்தார்கள். உடலைப் பெரிய ஹாலில் வைத்தார்கள். மார்த்தா அந்தப் படுக்கையறையைப் பூட்டிவிட்டு மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறைக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் மவுன்ட் வெர்னானில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். அவர்களை மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்யச் சொல்லி உயிலில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ம் தேதியே விடுவித்தார். ஆனால் 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் சொத்தில் வந்தவர்கள். சட்டப்படி அவர்களை வாஷிங்டனாலும் மார்த்தாவாலும் விடுவிக்க முடியாது. 1802-ல் மார்த்தா இறந்ததும் பேரப்பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்திருந்ததால், அப்பாவுக்கு விடுதலை, அம்மாவும் பிள்ளைகளும் அடிமை என்று குடும்பங்கள் பிரிந்தன.

வீடும் மெல்லச் சிதைந்தது. 1850-களில் தாழ்வாரக் கூரைக்குப் பழைய கப்பலின் பாய்மரங்களை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்ற பெண் ஒரு சங்கம் ஆரம்பித்து நாடு முழுக்கப் பணம் திரட்டினார். 1858-ல் 2,00,000 டாலருக்கு வீட்டை வாங்கினார்கள். இன்றைக்கும் அந்தப் பெண்கள் சங்கம்தான் பராமரிக்கிறது.

நீங்க எப்போதாவது அந்த வீட்டின் போட்டோவைப் பார்த்தால் முகப்பின் ஜன்னல்களை எண்ணிப் பாருங்க. கதவுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. பழைய வீட்டை இடிக்காமல் அதைச் சுற்றியே கட்டியதால், உள்ளே இருந்த அறைகளுக்கு ஏற்ற மாதிரிதான் ஜன்னல் வைக்க முடிந்தது. எல்லாம் நேராக இருக்கணும் என்று போர்க்களத்திலிருந்து கடிதம் எழுதிய மனுஷனின் வீட்டு முகம் கடைசிவரை கோணல்தான். கூரை நடுவில் கோபுரம் வைத்ததும் கண்ணை அந்தப் பக்கம் இழுக்கத்தான் என்கிறார்கள்.

அடிமை முறையும் அவர் அப்பா காலத்திலிருந்து வந்ததுதான். அவரும் அதை இடிக்கவில்லை, அதன் மேலேயே கட்டினார். கடைசி வருஷத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றினார். அதற்காக அவரைக் கொண்டாடுவதா, அதுவரை செய்யாததற்குக் கேள்வி கேட்பதா என்றால் இரண்டும் செய்யலாம் என்பேன். படிப்பு முடிந்து நம்மில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சைட்டில் நிற்கப்போகிறோம். டிராயிங்கின் மூலையில் நம்ம பெயர் இருக்கும். செங்கல் அறுத்தவர் பெயர் அதில் இருக்காது. கன்னர் பெயர் இருப்பது தப்பியவர்களின் பட்டியலில்.